நோன்பு இளைப்பு

1

பண்டமாரானுக்கு ரமலான் வருகிறது என்பது பள்ளிவாசலில் அறிவிப்பதற்கு முன்பே என் தையல் மெஷினுக்குத் தெரிந்துவிடும். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லோரிச் சத்தம் ஓயாத இந்தக் குடியிருப்பில், பெருநாளுக்கு பாஜு குரோங் தைத்துக் கொடுக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. பாஜு குரோங் என்றால் முழங்கால் வரை தொங்கும் தொளதொள மேல்சட்டையும், கணுக்கால் வரை பாவாடையும். மலாய்க்காரப் பெண்களின் உடுப்பு. கீழக்கரையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், "இதென்ன, தலையணை உறைக்குக் கை வச்ச மாதிரி" என்று சிரித்தவள் நான். இப்போது அந்த உறையைத் தைத்துத்தான் நாலு பேரிடம் பேர் வாங்கியிருக்கிறேன்.

நோன்பு தொடங்குமுன் அளவெடுப்பேன். நோன்புக்குள் வெட்டித் தைப்பேன். பெருநாள் நெருங்கும்போது கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். எல்லாருக்கும் இடுப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். "நோன்பு இளைப்பு" என்று சொல்லிவிட்டு ஒரு கொக்கியைத் தள்ளித் தைப்பேன். பெருநாள் கழிந்து வீடு வீடாகப் போய் ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் தின்றால் பழைய இடுப்பு தானாக வந்து சேரும். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு நோன்பு மாத இளைப்பு கவலைப்படுகிற சங்கதியே இல்லை. கொக்கிச் சங்கதி, அவ்வளவுதான்.

போன வாரம் அப்படி ஒரு பாவாடை என் கண் முன்னால் நழுவித் தரையில் விழுந்தது. அதைச் சொல்லத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் என் மகள் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பாவாடை விழுந்ததற்கு இவளுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பீர்கள்.

2

என் மகள் சுமையா இங்கேயே பிறந்தவள். ஒரே பிள்ளை. வீட்டில் பேசுவது தமிழ் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "உம்மா, பசாருக்குப் போய் நாசி லெமாக் தாபாவ் பண்ணிட்டு வரேன்லா" என்பாள். இதில் தமிழ் எது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கீழக்கரையை "உங்க ஊர்" என்கிறாள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய வாப்பாதான், "நீ மட்டும் என்ன, பண்டமாரானை எத்தனை வருஷம் உங்க ஊருன்னு எங்கிட்ட சொன்னே?" என்று வாயை அடைத்தார். அவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார். எனக்கு மாமி மகன். அதனால் எதற்கும் என்னிடம் பயப்பட மாட்டார்.

இரண்டு ரமலானுக்கு முன்னால், பதினொரு வயதில், இந்தத் தடவை ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று கிளம்பினாள். வகுப்பில் அவளுடைய மலாய்த் தோழிகள் எல்லாரும் முழு நோன்புக்காரிகள். இவள் மட்டும் பாதியில் கஞ்சி குடித்தால் மானம் போய்விடுமாம். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரில் என் மூத்தவள் லாத்தா வாட்ஸப்பில் அவளைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், புள்ள மொகத்துல நோன்பு ஒளி தெரியுது புள்ள" என்றாள். தெரிந்தது ஒளி இல்லை, கன்ன எலும்பு. அதை அன்றைக்கு யார் கண்டார்கள்?

நோன்பு திறந்ததும் தண்ணீர் குடிப்பாள் பாருங்கள், ஜாடியோடு குடிப்பாள். ரோஸ் சிராப், கரும்புச் சாறு, இளநீர் என்று எது கிடைத்தாலும் உள்ளே போகும். பகலெல்லாம் காய்ந்து கிடந்த பிள்ளை குடிக்கத்தானே செய்யும் என்று நானே சிராப் கலக்கிக் கலக்கி வைத்தேன். குடிக்கிறவள் ஒண்ணுக்குப் போகத்தானே செய்வாள்? ராத்திரி எழுந்து எழுந்து போனாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனால் விழித்துத்தான் இருப்பாள். ஒரு நாள் விடிகாலையில் படுக்கை விரிப்பைக் குளியலறையில் ஒளித்து ஒளித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பெண் விரிப்பை ஒளித்துக் கசக்கினால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? நான் அதைத்தான் நினைத்தேன். பெரிய மனுஷி ஆகப்போகிறாள், அதுதான் களைப்பும் வயிற்று வலியும் எரிச்சலும் என்று முடிவுகட்டி, லாத்தாவுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பினேன். லாத்தா உளுந்தங்களிக்குப் பக்குவம் சொல்லி, மாமிகள் அத்தனை பேருக்கும் அதே ரகசியத்தைச் சொல்லிவிட்டாள்.

வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியை விட மேல் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் முகம் சுளிக்கவே இல்லை. கொஞ்சம் கவனித்திருந்தால் அது நோன்பு வாடை இல்லை என்பது தெரிந்திருக்கும். கூடையில் மறந்துபோய் அழுகத் தொடங்கின கொய்யாப்பழம் மாதிரி, நகப்பூச்சு அழிக்கிற மருந்து மாதிரி, தித்திப்பாக ஒரு நெடி.

இதில் சிரிப்பு என்னவென்றால், அவளுடைய பாவாடையை நான் இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். அதுவும் ஒரே வாரத்துக்குள். இரண்டாவது தடவை பிடித்தபோது, பெருநாளைக்கு அழகாக நிற்கட்டும் என்று மிச்சத் துணியைக் கத்தரித்தே எறிந்துவிட்டேன். அளவு நாடா கழுத்தில் தொங்கியது, பிள்ளை கண் முன்னால் உருகியது, நான் அளவு நாடாவைத் திட்டினேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதை என் கதைதான்.

3

ஒரு நாள் சாயங்காலம், அஸர் நேரம். நான் தைத்துக்கொண்டிருந்தேன். சுமையா துணிமூட்டை மேல் சாய்ந்து படுத்திருந்தாள். மெஷினை நிறுத்திய பிறகுதான் அவள் மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. ஓடிவந்தவள் போல ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட்டாள். படுத்துக்கிடக்கிற பிள்ளைக்கு ஏன் ஓடின மூச்சு?

"நோன்ப விட்ருவோம் வாப்பா, போதும்" என்று ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, பெரிய கிளாஸில் சிராப் கொடுத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் பெண் பிள்ளைகளையும் கொஞ்சும்போது வாப்பா என்றுதான் சொல்வோம். குடித்தாள். குடித்த வேகத்திலேயே வாந்தி எடுத்தாள். கண் சொருகியது. கடைக்குப் போன் செய்தேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. "மச்சான், மச்சான்" என்று மட்டும்தான் கத்தினாய் என்று அவர் சொல்கிறார்.

தெருமுனை கிளினிக்கில் இருந்த சீன டாக்டரம்மா வாடையை ஒரு தடவை முகர்ந்தார், அவ்வளவுதான். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். அளவு காட்டவில்லை, அந்த மெஷின் காட்டக்கூடிய எல்லைக்கு மேலே போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மலாயில், "கென்சிங் மானிஸ்" என்றார். இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். கென்சிங் என்றால் மூத்திரம். பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மானிஸ் என்றால் இனிப்பு. அது பசாரில் பழம் வாங்கிப் படித்தது. இரண்டையும் சேர்த்தால் சர்க்கரை வியாதி என்பது மூளைக்கு ஏறவே சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். சர்க்கரையா? என் மாமனாருக்கு இருக்கிறது, சரி. பதினொரு வயதுப் பிள்ளைக்கா?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, மருத்துவமனையில் ஒரு தமிழ்ப்பிள்ளை வந்து பக்கத்தில் அமர்ந்தாள். இளம் டாக்டர். "ஆன்டி, நீங்க மொதல்ல அழுது முடிங்க. நான் வெயிட் பண்றேன்லா" என்றாள். அழுது முடிக்க வைத்த பிறகுதான் விளக்கினாள். இந்த ஊர்த் தமிழில் இதற்கு இனிப்பு நீர் என்று பெயர். பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு. இனிப்புத் தின்றதால் வந்ததில்லை. இன்சுலினைச் சுரக்கிற இடத்தை உடம்பே தாக்கி அழித்துவிடுகிறது; யார் செய்த குற்றமும் இல்லை. சர்க்கரை உடம்புக்குள் போக முடியாமல் மூத்திரத்தில் போகிறது, அதனோடு தண்ணீரும் போகிறது, அதனால் தாகம். சாப்பிட்டது ஒட்டாததால் உடம்பு தன் கொழுப்பையே எரித்துத் தின்கிறது, அதனால் இளைப்பு. அப்படி எரிப்பதால் வருவதுதான் பழ வாடை.

நான் கேட்கப் பயந்ததை அவளுடைய வாப்பாதான் கேட்டார். "நோன்பு பிடிக்க விட்டோமே, அதனாலயாம்மா?"

"இல்ல அங்கிள். நோன்பு இதைக் கொண்டு வரல. மறைச்சு வச்சிருச்சு, அவ்ளோதான். தாகம், எளைப்பு, அசதி எல்லாத்துக்கும் வீட்ல ஒரு ரெடி பதில் இருந்துச்சு இல்ல?"

உண்மைதான். எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்ன வாக்கியத்தை மட்டும் நான் இன்றுவரை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது நீங்கள் படிக்கிறீர்கள்.

4

பிறகு வந்ததெல்லாம் ஊசியும் உபதேசமும். ஊசி இங்கிருந்து, உபதேசம் ஊரிலிருந்து.

லாத்தா பாகற்காய்ச் சாறு கொடுக்கச் சொன்னாள். ஒரு மச்சி வெந்தயம் என்றாள். இன்னொருத்தி, ஊசியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பழகிப்போனால் விடாது என்று குரல் பதிவு அனுப்பினாள். அதற்குமட்டும் நான் சும்மா இருக்கவில்லை. "மச்சி, மூச்சு விடுறதுகூடப் பழகிப்போச்சு, நிறுத்திப் பாக்குறியா?" என்று திருப்பி அனுப்பினேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கவுண்டர் மேசைகளின் கதை தனி. என் மகளின் பெயருக்குப் பின்னால் வாப்பா பெயர் வருவதால், மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "குழந்தைகள் பிரிவு" என்று போட்ட அறை வாசலில், தாடியோடு ஒருவர் எழுந்து நிற்பார். நர்ஸ் அவரையும் பார்ப்பாள், காகிதத்தையும் பார்ப்பாள். ஊருக்குப் போனபோது சென்னை விமான நிலையத்தில் ஐஸ் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இன்சுலின் பேனாக்களை எடுத்துப் பார்த்த அதிகாரி, "யாருக்கும்மா, பெரியவங்களுக்கா?" என்றார். "எனக்கு அங்கிள்" என்று சுமையா நீட்டிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பையை அவரே அழகாக மூடிக்கொடுத்தார்.

ஊரில் விருந்துக்கு உட்கார்ந்த இடத்தில் சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். மாமிகள் "யா அல்லாஹ்" என்று கண்ணைப் பொத்துவார்கள். ஒரு மாமி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "இதெல்லாம் வெளிய தெரியாம வச்சுக்கடி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன்…" என்று ஆரம்பித்தாள். அடுப்படிக்கு வெளியே நின்று கேட்ட சுமையா, "மாமி, எனக்கு இன்னும் மேக்ஸ் ஹோம்வொர்க்கே முடியல" என்றாள். அவளுடைய அரைத் தமிழை நான் மனதாரப் பாராட்டிய முதல் நாள் அது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஊசி தொடங்கி, மருத்துவமனையிலிருந்து வந்து, மெல்ல மெல்லக் கன்னம் வைத்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பழைய பாஜு குரோங்கை எடுத்துப் போட்டாள். பாவாடை இடுப்பில் ஏறவே இல்லை. பிரித்து விடலாம் என்றால் உள்ளே துணி ஏது? நான்தான் கத்தரித்து எறிந்தாயிற்றே! வீட்டில் மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு பாவாடை வீணானதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட தையற்காரி இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது.

5

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. டாக்டரும் வேண்டாமென்றார், மார்க்கத்திலும் சலுகை இருக்கிறது, நோன்பு பிடிப்பதில்லை. அதற்கு ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்க ஃபித்யா கட்டுகிறோம். கட்டப் போனால் கவுண்டரில் இருந்த பெண், "வயதானவங்களுக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்களை எல்லா கவுண்டரிலும் துரத்துகிறது.

பிள்ளைக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. தோழிகள் எல்லாரும் பசியைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது இவள் பள்ளிக்கூடத்து நர்ஸ் அறையில் தனியாக ரொட்டி தின்ன வேண்டும். போன வருடம் ரமலான் பசாரில் கூட்டத்துக்கு நடுவே சர்க்கரை இறங்கி, கை நடுங்க, பையிலிருந்து ஜூஸ் எடுத்து உறிஞ்சினாள். பலகாரம் விற்கிற ஒரு மலாய் அம்மா, "நோன்பு இல்லையா? வெட்கமில்லையா?" என்று மலாயில் பிடித்துக்கொண்டாள். எனக்கு மலாயில் சண்டை போட வராது. காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். சுமையா ஜூஸை முடித்தாள். வாயைத் துடைத்தாள். பையைத் திறந்து ஊசியையும் சர்க்கரை பார்க்கிற மெஷினையும் காட்டி, கடகடவென்று மலாயில் என்னவோ சொன்னாள். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஒரு பொட்டலம் குவே பலகாரம் கட்டிக் கையில் திணித்தாள். அதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கும் என்று இவள் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

மலாய் மலாய் என்று நான் எத்தனை தடவை அவளைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த மலாய் எனக்கு இனித்தது.

6

இனி அந்தப் பாவாடை.

பக்கத்து புளோக்கில் பரீதா இருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். மகள் அலியாவுக்கு ஒன்பது வயது. வாய் ஓயாத பிள்ளை. நோன்புக்கு முன்னால் அளவெடுத்தபோது நாடாவைப் பிடித்து இழுத்து என்னை ஒருவழி ஆக்கியது. போன வாரம் மதியம் லுஹர் தொழுகை முடித்து, பரீதா அவளைப் போட்டுப் பார்க்கக் கூட்டி வந்தாள். வந்த பிள்ளை நாற்காலியில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

"வரவர சோம்பேறி ஆயிட்டாக்கா. இந்த வருஷம்தான் மொத மொதல்ல முழு நோன்பு. ஒண்ணுகூட விடல தெரியுமா?" என்றாள் பரீதா. அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்குத் தெரிந்த பெருமை.

பாவாடையை மாட்டி, கொக்கி போட்டு, கையை எடுத்தேன். நழுவி அலியாவின் காலடியில் வட்டமாக விழுந்தது.

பரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீங்க எனக்கு அளவெடுத்துட்டீங்களா? புவாசாலா, நோன்புல எளைச்சிட்டா. கொஞ்சம் புடிச்சி தச்சிருங்க."

நான் குண்டூசி குத்தக் குனிந்தேன். பிள்ளையின் மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகத் தொடங்கின கொய்யாப்பழம்.

கை அப்படியே நின்றுவிட்டது. சொல்ல வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. எப்படிச் சொல்வது? நோன்பு மாதத்தில், பெருநாள் உடுப்புப் போட்டுப் பார்க்க வந்த பிள்ளையைப் பார்த்து, உன் மகளுக்குப் பெரிய வியாதி இருக்கும்போல என்று எந்த வாயால் சொல்வது? நான் நினைப்பது தப்பாக இருந்தால்? கண் வைத்துவிட்டாள் என்பார்கள். தன் பிள்ளைக்கு வந்தது ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வரணும் என்று நினைக்கிறாள் என்பார்கள். சூடு கண்ட பூனை நான். எல்லா அடுப்பும் எனக்குச் சுடும்போலத்தான் தெரியும். இந்த நினைப்பெல்லாம் ஓடி முடிவதற்குள் அலியா எழுந்து, "ஆன்டி, டாய்லெட்" என்றாள்.

மூலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமையா தலையைத் தூக்கினாள்.

"வந்ததுல இருந்து இது ரெண்டாவது தடவ இல்ல?"

"ஆமாலா, இவளுக்கு இதே வேலை. ராத்திரி தண்ணிய அப்படிக் குடிக்கிறா" என்றாள் பரீதா.

"ஆன்டி, ஸஹர்ல குடிச்ச தண்ணி இவ்ளோ நேரம் இருக்காது. நோன்பு வச்சவளுக்கு மத்தியானம் ஒண்ணுக்கே வராதுலா. எங்கிருந்து வருது?"

பரீதா மகள் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சுமையா கை கழுவிவிட்டு வந்து, திரும்பி வந்த அலியாவுக்கு முன்னால் முழங்காலிட்டாள். "நைட்ல எத்தன தடவ எழுந்துக்கிற? பெட் நனைஞ்சுச்சா? சொல்லு, எனக்கும் நனைஞ்சுச்சு. நான் உன்னவிடப் பெரியவ." அந்தப் பிள்ளை அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டியது. பரீதாவுக்கு அதுவரை தெரியாது.

சுமையா பையைத் திறந்தாள். விரல் குத்துகிற புது ஊசி ஒன்றை உறையோடு எடுத்து வைத்தாள். பரீதா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிடும்லா!"

"முறியாது ஆன்டி. ஸ்கூல்ல மார்க்கம் சொல்லித்தர்ற உஸ்தாஸாகிட்ட நான் எப்பவோ கேட்டுட்டேன்."

"பெருநாள் முடிஞ்சு கிளினிக் கூட்டிட்டுப் போறேன். இப்ப வேணாம். நல்ல நாள் அதுவுமா…"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. திறந்தது என்ன, வெடித்தது. "பரீதா! எம்புள்ள பெருநாளுக்கு இருந்திருக்க மாட்டா! நானும் இப்படித்தான் இருந்தேன், இதே எடத்துல, இதே பாவாடைய வச்சுக்கிட்டு. நீ எங்கிட்ட கோவிச்சுக்க, காலம்பூரா பேசாம இரு. இப்ப அந்தப் புள்ள கையக் குடு!"

குடுத்தாள். சுமையா விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டை எடுத்தாள். மெஷின் எண் காட்டியது. சுமையாவின் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவளுக்கு எத்தனையோ மோசமான எண்களைப் பார்த்திருக்கிறோம். இது அவற்றைவிடப் பெரியது.

"அலியா, தண்ணி குடி. வெறும் தண்ணி. சிராப் வேணாம். இன்னைக்கு நோன்பு போதும்" என்றாள் என் மகள். பிறகு பரீதாவிடம், "பயப்படாதீங்க ஆன்டி. ஆனா இப்பவே ஹாஸ்பிடல். வீட்டுக்குப் போய்ப் பை எடுக்கல்லாம் வேணாம்" என்றாள். கடையிலிருந்து மச்சான் காரைக் கொண்டுவந்தார். சுமையா ஸ்ட்ரெச்சரில் போன அதே மருத்துவமனைக்கு அலியா நடந்து போனாள். படியில் ஏறும்போது, ஊசி வலிக்குமா என்று கேட்டிருக்கிறாள். "வலிக்கும். அப்புறம் போரடிக்கும்" என்று சுமையா சொன்னாளாம்.

7

நேற்று பரீதா மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு, "அக்கா, பெருநாளுக்கு முன்னாடியே வீட்டுக்கு விட்டுடுவாங்களாம். அந்தப் பாவாடைய இப்ப இருக்கிற அளவுக்கே தச்சிருங்க. மிச்சத்த வெட்டிருங்கலா. புள்ள பெருநாளைக்கு அழகா இருக்கணும்" என்றாள்.

சரி என்றேன். இன்று மெஷின் முன்னால் உட்கார்ந்து பாவாடையைத் திருப்பிப் போட்டேன். பச்சை நிறம்; ஓரத்தில் சரிகை. அந்தச் சரிகை கிள்ளானில் கிடைக்கவில்லை என்று தலைநகரத்து பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வரை போய் வாங்கிவந்தேன். இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்துக் குண்டூசி குத்தினேன். அம்மாடி, எவ்வளவு துணி மிஞ்சுகிறது. கத்தரியை எடுத்தேன்.

மேசைக்கு எதிரே சுமையா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெட்டாதீங்க உம்மா. உள்ள மடிச்சு வைங்க. அவ பழையபடி வந்துடுவா."

கத்தரியைக் கீழே வைத்தேன். மிச்சத் துணி முழுவதையும் உள்ளே மடித்தேன். ஒரு நூலை இழுத்தால் பிரிந்துவிடும்படி, பெரிய பெரிய தையலாகக் கையாலேயே தைத்து முடித்தேன்.